பொறுத்துக்கொள்ளச் சொன்னவர்கள்

கண்ணாடிக்காரியிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொன்னவர்களில், அந்த வலியைத் தானே பட்டுத் தீர்த்த முதல் ஆள் எக்ஸ்ரே அறையின் சிஸ்டர். சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல் விலை அந்த மாதத்தில் இரண்டாவது முறையாக ஏறிய வாரம் அது. மேசைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த கண்ணாடிக்காரிக்கோ ஒன்றுமே வலிக்கவில்லை. கருப்பை வாயை இடுக்கியால் பிடித்திருந்தார்கள், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் கூரையின் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குழாய் சுலபமாகப் போயிற்று, சாயம் பரவியது, படம் எடுத்தார்கள். சிஸ்டருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

கண்ணாடிக்காரி என்பது கடைத்தெருவில் அவளுக்கு விழுந்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். கல்யாணமான மறுவருஷம், அவள் கருப்பை வாயில் பின்னால் கெட்டதாக மாறக்கூடிய சதை இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சுட்டு எடுத்தார்கள். புண் ஆறியது. கொஞ்சம் அதிகமாகவே ஆறிவிட்டது; தழும்பு வழியை இறுக்கி, ஊசிக்காது அளவுக்குச் சுருக்கி, ஒருபக்கமாக வளைத்தும் விட்டது. கணவனிடம் குறையில்லை, முட்டையில் குறையில்லை, உள்ளே போகிற அந்த இரண்டு விரல்கடை வழிதான் அடைபட்டிருந்தது. அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எத்தனை மேசைமேல் வேண்டுமானாலும் ஏறிப் படுக்கத் தயாராக இருந்தாள். மாமியார் முதல் மாடிவீட்டுக்காரி வரை எல்லோரும் அவளுக்குச் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். பொறுத்துக்கொள். வருஷக்கணக்காக அதைக் கேட்டுத் தலையாட்டியவளுக்கு அந்த வாரத்திலிருந்து அது ஏன் இப்படித் திரும்பியது என்று யாரும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது ஆள் மாமியார். அடுத்த மருத்துவமனை நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே, "நாங்கல்லாம் பெத்துக்கலையா? பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்றாள். மறுநாள் காலை மருமகளின் வழியைக் கம்பி கொண்டு அகலப்படுத்திய அதே நேரத்தில், நாலு கிலோமீட்டர் தள்ளி பாங்கு வரிசையில் நின்றிருந்த மாமியார் குனிந்தாள், பிறகு நிமிரவில்லை. காவலாளி நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மருமகளை மட்டும் இரண்டு மூன்று தடவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்றாவது ஆள் டாக்டரம்மா. கணவனின் விந்தைக் கழுவி உள்ளே செலுத்த வேண்டிய நாளன்று, பல ஆயிரம் பெண்களிடம் சொன்னதுபோலவே, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். சொன்னவுடன் இடுக்கியைத் தட்டில் போட்டார். அவர் உட்கார்ந்த சக்கர ஸ்டூல் சுவர் வரைக்கும் உருண்டு போயிற்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மூச்சு திரும்பியதும், "இதையா நான் எறும்புக் கடின்னு சொல்லிட்டிருந்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் மருத்துவமனையில் எல்லா அறைகளிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: ஊழியர்கள் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. வலியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தத் தெருவில் ஊர் வாயே மூடியது. சேதி பரவியதும் கண்ணாடிக்காரியைக் கண்டால் மாடிவீட்டுக்காரி வெயிலைப் பற்றி மட்டும் பேசினாள். கடை முதலாளி லீவு கேட்டவுடன் கொடுத்தார். அவளுக்கு இது சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சொல்ல ஆளில்லாததால் வலி மறுபடி அவளிடமே வந்து சேர்ந்தது. மௌனமான அறையில், மௌனமான டாக்டரம்மா குழாயைத் தள்ள, அவள் உடம்பு கல்லாக இறுகியது. குழாய் வளைவில் முட்டி மடங்கி ரத்தத்தோடு திரும்பியது. அப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. பிறகு மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்து வெளியே கருவாக்கினார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதை உள்ளே கொண்டுபோய் வைக்கவும் அந்த வழிதான், அந்தக் குழாய்தான்.

டாக்டரம்மா கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து, மருந்துச் சீட்டு எழுதுகிற குரலில் சொன்னார். "யாராவது சொன்னாதான் உங்க உடம்பு இளகுது, குழாய் போகுது. நான் பார்த்துட்டேன். யாரு சொல்லுவாங்கன்னு வீட்டுல பேசிட்டு வாங்க." மயக்கம் கொடுக்கக் கூடாதா என்று கண்ணாடிக்காரி கேட்டாள். "இது ஆபரேஷன் கணக்குல வராது. மயக்க டாக்டர் இதுக்கு வரமாட்டார், நிர்வாகமும் ஒத்துக்காது" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நான் சொல்லலாம். ஆனா குழாயைப் பிடிக்கிற கை நடுங்கக் கூடாதே" என்றார். அது நியாயம்தான்.

வீட்டில் பேசினார்கள். இத்தனை வருஷம் இலவசமாகச் சொன்னவர்கள் எல்லோருக்கும் இப்போது உடம்பு சரியில்லை. நாத்தனாருக்குச் சர்க்கரை. ஓரகத்திக்கு ஏற்கெனவே இரண்டு சிசேரியன். மாடிவீட்டுக்காரி ஒரு மாதத்துக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடிக்காரியின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மாமியார் பேச்சு முடியும்வரை தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கணவன், "யாரும் வேணாம். நான் சொல்றேன். நாந்தானே சொல்லணும்" என்றான். லிஃப்ட் மெக்கானிக் அவன். பதினோரு மாடிக் குழிக்குள் இருட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன், கம்பி வடத்தில் பாதி விரல் போனபோது கூடச் சத்தம் போடாதவன் என்று வேலையிடத்தில் பெயர். அவள் அவனை நம்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அயர்ந்து தூங்கினாள்.

அந்த நாளும் வந்தது. ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு மேசைமேல் படுத்தாள். தலைமாட்டில் கணவன், அவள் கையைப் பிடித்தபடி. பக்கத்து அறையோடு சேர்ந்த சின்ன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஒரே கரு தயாராக இருந்தது. டாக்டரம்மா முதலில் வெற்றுக் குழாயை அனுப்பிப் பார்த்தார். "வளையுது. சொல்றதா இருந்தா இப்ப சொல்லுங்க" என்றார். கண்ணாடிக்காரி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு பிரிந்தது. "வண்டியை வழியில விட்டுட்டேன்னு நினைக்கிறேன். எடுத்து வச்சிட்டு வந்துடறேன்" என்றான். கையை மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார், லிஃப்டுக்காகக் கூட நிற்காமல் மகன் படிக்கட்டில் இறங்கி ஓடுவதைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், வரக்கூடாது என்று மறித்த சிஸ்டரை விலக்கிவிட்டு உள்ளே வந்தாள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள் ஆகையால் முதலில் மேசையின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அப்புறம்தான் சொன்னாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடி."

குழாய் போயிற்று. கரு போய் உட்கார்ந்ததைத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகக் காட்டினார்கள். மாமியார் கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டு கம்பியோடு சரிந்து கிடந்தாள். பிறகு இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ஏன் அத்தை சொன்னீங்க என்று மருமகள் கேட்டாள்.

"உனக்காகன்னு நினைச்சுக்காதே. அவன் சொல்லமாட்டான்னு தெரியும். நான் வளர்த்த பிள்ளைதானே." கைப்பை வாரில் பட்ட எச்சிலைத் தலைப்பால் துடைத்தாள். "பாங்குல விழுந்தன்னைக்கே உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாய் வரலை."

கணவன் மூன்று டீயோடு வந்தான். வண்டி உண்மையிலேயே வழியில்தான் நின்றதாம்.

இரண்டு வாரம் கழித்து ரத்தத்தைப் பார்த்து, இல்லை என்று சொன்னார்கள். வழிமேல் எந்தத் தப்பும் இல்லை, சில சமயம் கரு தங்குவதில்லை என்றார் டாக்டரம்மா. கண்ணாடிக்காரி அன்று மத்தியானமே வேலைக்குப் போனாள். ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்து வீணாக்கினாள். கடை முதலாளி கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். வலிக்குப் பயந்ததை அவளால் மன்னிக்க முடிந்தது, பயம் யாருக்குத்தான் இல்லை. ஆனால் நான் சொல்றேன் என்று அவன் சொன்னதை நம்பித் தூங்கிய அந்தத் தூக்கத்தை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மழைக்காலம் முடிந்தபின், ஒருநாள் சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான். இன்னொரு தடவை பார்க்கலாம், ஊசி போட்டால் முட்டை வரும் என்கிறார்களே என்றான். கண்ணாடிக்காரி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஆசை இருந்தது. மாமியார்தான் கேட்டாள். "பாக்கலாம். நீ சொல்றியா?" அவன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்க நெடுநேரம் ஆயிற்று. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்ணாடிக்காரி அவனுக்காக இரண்டு வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்தாள், முட்டைகளுக்கு வயதாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லும்வரைக்கும்.

இப்போதும் மூவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவனுக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்துவிட்டது, குழிக்குள் இறங்குவதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது, வழக்கப்படி மருமகளை ஏற இறங்கப் பார்த்து, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா என்று மாமியாரிடம் கேட்கிறார்கள். மாமியார் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகனைக் காட்டி, "அவனைக் கேளுங்க" என்கிறாள்.