மாடி வீட்டு ஆல்டோ

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அதுவாகத் தலைக்கு மேலிருந்து விழுந்தது. செம்பாக்கத்தில் நாங்கள் கீழ்வீடு. மாடிக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி போன வாரம் குடிவந்தது. சனிக்கிழமை முழுக்கக் கட்டிலை இழுத்தார்கள். ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம், மறுபடி ஜன்னல் பக்கம். நடுநடுவே ஒரு பெண்குரல் பாடியது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தப் பாட்டுதான், ஏனென்றால் அது பாட்டாகவே இல்லை. ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, திரும்ப அதே இடத்துக்கு வந்தது. மெட்டு வேறெங்கோ இருக்க, அதற்குக் கீழே ஓடும் எதையோ அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

திங்களன்று அலுவலகத்தில் பிரிட்டோவிடம் பாடிக் காட்டினேன். (அவர் சிரித்தது கதைக்குத் தேவையில்லை.) அது ஆல்டோ என்றார். அதுவரை எனக்கு ஆல்டோ என்றால் கார்தான். சர்ச் கோயரில் பெண்களில் ஒரு பாதி மெட்டைப் பாடுமாம், மறுபாதி கீழ்க்குரலில் அதைத் தாங்குமாம். தனியாகக் கேட்டால் ஒன்றும் விளங்காது, பக்கத்தில் நாலு பேர் நின்று பாடினால்தான் அது பாட்டு என்றார்.

தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. மாடிவீட்டார் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும், அல்லது கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டும்.

2

ஆரம்பத்துக்கு நான் பட்ட பாடு:

'சனிக்கிழமைக் காலைச் சூரியன் வேளச்சேரி சாலையின் மேல் பொன்னை—' வேண்டாம். அந்தச் சாலையில் பொன்னும் இல்லை, சூரியனும் தெரியாது. தண்ணீர் லாரிதான் தெரியும்.

'ஜெரூஷாவுக்குப் புது வீடு பிடிக்க—' பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் இருந்தால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெரூஷா குரோம்பேட்டைப் பெண். எட்டாம் வகுப்பிலிருந்து அங்கே சர்ச் கோயரில் ஆல்டோ. சாலமோன் தாம்பரத்துப் பையன், அவன் குடும்பத்துச் சர்ச்சும் தாம்பரத்தில். கல்யாணமானால் பெண் மாப்பிள்ளையின் சபைக்கு மாறிவிடுவாள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. யாரும் அவளைக் கேட்பதும் இல்லை.*

* இதுவும் பிரிட்டோ சொன்னதுதான். தாம் கத்தோலிக்கர், இந்த மாறுகிற சமாச்சாரமெல்லாம் தமக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்று அவர் முதலிலேயே கைகழுவிவிட்டார். தப்பிருந்தால் என்னோடு மல்லுக்கு வாருங்கள்.

தாம்பரத்திலும் கோயர் இருக்குமே, அங்கே போய்ப் பாடட்டுமே என்பீர்கள். ஜெரூஷாவிடம் சொல்லிப் பாருங்கள். இத்தனை வருஷமும் அதே இரண்டு அக்காக்களுக்கு நடுவில் நின்று, ஒருத்தி மூச்சு விடும் இடத்தில் இன்னொருத்தி பிடித்துப் பாடியிருக்கிறாள். அந்த இடம் போய்விடுமே என்பதுதான் அவள் பயம். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு மனசில்லை. அவன் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

3

சாலமோன் மேல்தான் எனக்குச் சந்தேகம். நல்ல பையனாகத்தான் படைத்தேன். கட்டிலை எத்தனை தடவை நகர்த்தச் சொன்னாலும் முணுமுணுக்காமல் நகர்த்தினான். திரைச்சீலைக்குக் கம்பி மாட்டினான். கேஸ் அடுப்பைச் சோப்பு நுரை தடவிச் சோதித்தான். ஆனால், 'நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எந்தச் சர்ச்சுக்குப் போலாம்?' என்ற ஒரே ஒரு கேள்வி அவன் வாயில் வரவில்லை. நானும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கட்டிலாவது நகர்ந்தது.

சாயங்காலம் இரண்டு அம்மாக்களும் போன் செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: நாளைக்கு ஆராதனைக்கு எங்கே?

ஜெரூஷா சமையலறையில் நின்று தன் அம்மா ஜோசலினிடம், அவங்க சர்ச்சுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு மிளகாய்த்தூள் டப்பாவை அலமாரியில் டொக்கென்று வைத்தாள். அதே நேரத்தில் பால்கனியில் சாலமோன் தன் அம்மா ஹில்டாவிடம், இனிமே ஜெரூஷாவோட சர்ச்சுக்குத்தான் போறோம் என்று சொன்னான்.

ஆமாம், சொன்னான். இரண்டு நாளாக அதைத்தான் மனசில் வைத்திருந்தான். அம்மாவிடம் சொன்னதும், வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டான். பெண்டாட்டியிடமும் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. (திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். கல்யாணமானவர்கள் நம்புவார்கள் என்று விட்டுவிட்டேன்.)

4

ஞாயிறு காலை இருவரும் தூங்கிவிட்டார்கள். இரவே கட்டிலின் பலகை ஒன்று நழுவிவிட்டதால் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்திருந்தார்கள். ஜெரூஷாவுக்கு முதலில் விழிப்பு வந்தது. அவனை எழுப்பினால் தாம்பரம் போக வேண்டும். அதனால் எழுப்பவில்லை. சாலமோன் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, தூக்கம்தான்.

அங்கே ஹில்டா, மருமகள் பாடுவதைக் கேட்போமே என்று தாம்பரத்தில் ரயில் ஏறினார். ஜோசலின், மகள் புதுச் சபையில் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று குரோம்பேட்டையில் ரயில் ஏறினார். சானடோரியம் பக்கத்தில் இரண்டு ரயிலும் எதிரெதிரே கடந்தன. சம்பந்திகள் இருவரும் ஜன்னல் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்து— ஆசைதான். ரயில் போகிற வேகத்தில் நடக்காது. கதாசிரியனுக்கும் ஒரு அளவு வேண்டும்.

ஆக, மாப்பிள்ளை வீட்டம்மா பெண் வீட்டுச் சர்ச்சிலும், பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீட்டுச் சர்ச்சிலும் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் பிடித்து வைத்து, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிரசங்கம் எதைப் பற்றி என்று இரண்டு பேரையும் கேட்காதீர்கள்.

5

முதலில் செம்பாக்கம் வந்து சேர்ந்தவர் ஜோசலின். கையில் மீன்குழம்பு. உடம்பு கிடம்பு சரியில்லையா என்று பயந்து ஆட்டோ பிடித்திருந்தார். மகள் தலை கலைந்து வந்து கதவைத் திறந்ததும் பயம் கோபமாக மாறியது. நான் அங்கே காத்திருந்தேனே என்று அவர் ஆரம்பிக்க, ஜெரூஷா அசடு வழிய, சாலமோன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

அப்போதுதான் ஹில்டா வந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. நாற்காலி இன்னும் பிரிக்கப்படாததால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார்.

"நான் குரோம்பேட்டைக்குப் போயிட்டு வரேன். உன் பாட்டைக் கேக்கலாம்னு."

"அங்க எதுக்குப் போனீங்க, அத்தை? நாங்க உங்க சர்ச்சுக்கு வரதாத்தானே..."

"இவன் சொன்னானே. இனிமே உன் சர்ச்சுக்குத்தான் போறதா இருக்கோம்னு நேத்து போன்ல சொன்னான். உன்கிட்ட சொல்லலையா?"

கட்டிலுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"கோயர்ல உன் இடத்தை அப்படியே விட்டு வெச்சிருக்காங்கம்மா," என்றார் ஹில்டா. "ரெண்டு பொண்ணுங்க, நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடைவெளி. பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டேன். கல்யாணமாகிப் போயிட்டா, ஆனா சேர்ந்து நிக்க அந்தப் புள்ளைங்களுக்கு மனசு வரலைன்னாங்க."

ஜெரூஷா அழுதாள். அதை மறைக்கவும் இல்லை. நானும் இந்த இடத்தில் எழுத முடியாமல் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கேட்டாள். "அடுத்த வாரம் எங்க போறோம்? நீங்க சொல்லுங்க. என்கிட்ட சொல்லுங்க."

6

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

அம்மாக்கள் பஞ்சாயத்துப் பேசி, ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று முடிப்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. வாரம் விட்டு வாரம் வரும் ஆல்டோவை எந்தக் கோயர் மாஸ்டரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

'பரவால்ல அத்தை, நான் உங்க சபைக்கே வரேன்' என்று ஜெரூஷா கண்ணைத் துடைத்துக்கொள்வது இன்னொன்று. பத்திரிகைக்காரர்கள் உடனே வாங்கிக்கொள்வார்கள். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதாக, சாலமோன் வெளியே வந்து பேசுவது. அதற்கு நல்ல நல்ல வசனமாக எழுதினேன். ஒன்றில் அவன் அவள் கையைக்கூடப் பிடித்துக்கொண்டான். படித்துப் பார்த்தால் எல்லாம் நான் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவன் மனசை அவன் அம்மா வாயால் ஜெரூஷா ஒருமுறை தெரிந்துகொண்டாள், இப்போது என் வாயால் தெரிந்துகொண்டால் அவளுக்கு என்ன லாபம்? எனவே இதை நான் எழுதப் போவதில்லை.

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டான். முழங்காலில் தூசி. மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வரியை உங்களுக்கு விடுகிறேன்:

சாலமோன்: ........................................

ஒரே ஒரு நிபந்தனை. 'உன் இஷ்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் இஷ்டம் என்ன என்று அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் இப்போது தெரியும். அவள் கேட்டது அவனுடையதை.