வாசல் படியில் அரை மணி

செங்கல்பட்டில் எங்கள் தெருக்காரர்கள் 2003-இல் ஒரு மணிச் சங்கம் ஆரம்பித்தோம். காசே கிடையாது. ஒருவருக்கொருவர் செய்யும் வேலையை மணிக்கணக்கில் மாற்றிக்கொள்வோம். மோட்டார் ரிப்பேரோ கணக்குப் பாடமோ, எல்லார் மணியும் சமம். முதல் கூட்டத்தில் இதை வாய் கிழியப் பேசியவள் நான்தான். மீரா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

வேலை செய்தவர் தன் நேரத்தை எழுதக்கூடாது என்பது விதி. செய்துகொண்டவர்தான் சீட்டில் எழுதிச் சங்கப் பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசியில் பன்னீர்செல்வம் சார் கூட்டிச் சொல்வார். கணக்கில் மணி இருந்தால்தான் அடுத்தவரை வேலைக்குக் கூப்பிடலாம்.

என் மாமியார் செங்கமலம் பக்கவாதத்தில் படுத்தபோது, குளிப்பாட்ட மூன்றாம் வீட்டு மார்கரெட் வந்தாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. எட்டு மணிக்கு வேன் என்பதால் ஆறரைக்கே வந்துவிடுவாள். கூடத்தில் என் கணவர் பட்டாபிராமன் பூஜை முடிக்க ஏழாகும். அதுவரை மார்கரெட் வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். மாமியாரின் உடம்பை அவள் கை தொடலாம், பூஜை நடக்கையில் கூடத்தை அவள் கால் தாண்டக்கூடாது. இது என்ன நியாயம் என்று கேட்க எனக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.

"ஏழு முதல் ஏழரை, அரை மணி" என்று சீட்டு எழுதுவேன். நாற்பது நாளும் அதேதான். படியில் உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா!

பிறகு நாத்தனார் மாமியாரைக் கருங்குழிக்கு அழைத்துப் போனாள். மார்கரெட் தன் இருபது மணிக்கும், பிளஸ் டூ படிக்கும் மகள் ரூத்துக்குக் கணக்குப் பாடம் கேட்டாள். தினம் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நடத்தினேன். பதின்மூன்றாம் நாள் மார்கரெட் சொன்னாள்:

"நாளைலேர்ந்து வர வேணாம் டீச்சர். மணி தீந்துபோச்சு."

"இன்னும் ஏழு மணி இருக்குமே?"

"இல்ல டீச்சர். அரை மணிதான் பாக்கி. மீதி அல்லாம் எழுதிப் போட்டுட்டேன்."

ரூத் நோட்டை மூடாமல் என்னைப் பார்த்தாள். பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நுண்கணிதம் பாதியில் நின்றது. அது வராவிட்டால் அவள் தேறுவது கஷ்டம்.

பாவம், மார்கரெட்டுக்குக் கூட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பன்னீர்செல்வம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் சீட்டுக் கட்டை நீட்டினார். மார்கரெட்டின் கோணல் எழுத்து: "டீச்சர் வந்தது 5.30. ரூத் ஸ்கூல்லேர்ந்து வந்தது 6. பாடம் 7 வரைக்கும். ஒன்றரை மணி."

பதின்மூன்று சீட்டிலும் ஒன்றரை. ரூத் வரும்வரை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, மார்கரெட் போட்டுக் கொடுத்த டீயை நான் குடித்த அரை மணியையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இன்னாம்மா, எதுனா தப்பு கீதா?" என்றார் சார்.

"இருக்கு சார். என் சீட்டுல."

நாற்பது சீட்டையும் அங்கேயே உட்கார்ந்து "ஆறரை முதல் ஏழரை, ஒரு மணி" என்று திருத்தினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேரே மார்கரெட் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத மாசம் கூட்டிச் சொன்னப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வேற ஆளப் பாத்துக்குவீங்க. அப்பால ரூத்துக்குக் கணக்கு சொல்லித்தர யாரு கீறாங்க?"

"என்ன மன்னிச்சுடு மார்கரெட்."

"அத்த வுடுங்க. நாளைக்குப் பாடம் கீதா இல்லியா?"

"இருக்கு" என்றேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து மாமியார் திரும்பி வந்தார். மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். மார்கரெட் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் பட்டாபிராமன் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள வா மார்கரெட்."

நான்கு நாளாக மனதுக்குள் உரக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை. அவருக்குக் கேட்டுவிடுமோ என்று கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

மார்கரெட் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே கூடத்தைப் பார்த்தாள்.

"முடியட்டும் டீச்சர். அதான் இந்த நேரத்தையும் எழுதப் போறீங்களே."

அன்று ஒரு மணி என்று எழுதினேன். கணக்கு சரிதான். எழுதக் கை கூசியது.