முப்பத்தாறு துளைகள்

பனாஸை ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. வாலிபத்தில் இரண்டு முறை வலிப்பு வந்ததை எவனோ ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருந்தான். ஐம்பத்து மூன்று வயதாகியும் அந்தக் காகிதம் அவரை விடவில்லை. செர்னிஹிவ் நகரத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ்களின் பணிமனையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டர் வேலை. அவர் முடுக்கிய நட்டு தானாகக் கழன்றதாக யாரும் சொன்னதில்லை.

எல்லையில் படை குவிகிறது என்று செய்தி வர ஆரம்பித்த அந்தக் குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே பைன் காட்டில் பயிற்சி நடந்தது. கணக்கு எழுதுகிறவர்கள், ஓட்டுநர்கள், பல் டாக்டர் ஒருவர் என்று முப்பது பேர் வருவார்கள். துப்பாக்கிக்குப் பதில் பலகையில் வெட்டிய கட்டை. பனியில் படுப்பார்கள், ஊர்வார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துப்போவார்கள். பனாஸை ஊர்ந்துபோக விடவில்லை. பிளாஸ்கில் டீ கொண்டுவருவதும் சாமான்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

சாமான்களிலேயே மோசம் தலைக்கவசங்கள்தான். வெளிநாட்டுப் படைகள் கழித்துப்போட்டதை ஆளாளுக்குத் தேடி வாங்கியிருந்தார்கள். ஓடு நல்ல ஓடு; துணியை மடிப்பு மடிப்பாகப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது, குண்டுச்சிதறலைத் தாங்கும். உள்ளே இருந்ததுதான் ஓட்டை வலையும் இற்றுப்போன பட்டையும். குப்புறப் படுத்தால் கவசம் மூக்கில் வந்து உட்காரும்.

"எதிரி வந்தா நான் எப்படி பாக்குறது? கவசத்துக்குள்ள இருந்து மோப்பம் பிடிக்கிறதா?" என்றாள் சொலோமியா.

அவள் ஏழாம் நம்பர் டிராலிபஸ் ஓட்டுகிறவள். முப்பத்து நான்கு வயது, பத்து வயதில் ஒரு மகள், கணவன் என்று இப்போது யாரும் இல்லை. பணிமனையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதே பனாஸைக் கூப்பிட்டு வம்பிழுத்துவிட்டுத்தான் இறங்குவாள்.

பனாஸ் அவளுடையதை வீட்டுக்கு எடுத்துப்போனார். வலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, கூடாரத்தில் விரிக்கிற கெட்டி ஃபோமை ஏழு துண்டாக வெட்டி உள்ளே ஒட்டினார். உடைந்த கார்களின் சீட் பெல்ட்டை அறுத்து, நான்கு முனையில் பிடிக்கிற தாடைப் பட்டை தைத்தார். அடுத்த ஞாயிறு சொலோமியா அதைப் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்காத குறைதான். கவசம் அசையவில்லை. அன்றைக்கே எட்டுப் பேர் தங்களுடையதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த எட்டுப் பேரில் ஒருவன், டயர் கடை தெம்யான்தான் ஒரு படத்தைக் காட்டினான். கவசத்தின் இரண்டு பக்கமும் தகடு. அதில் விளக்கு மாட்டலாம், காது மூடி மாட்டலாம்.

"உங்களால ஆகாதாண்ணே?" என்றான்.

ஆகாது என்று சொல்லிப் பனாஸுக்குப் பழக்கமில்லை. அலுமினியத்தில் தகடு வெட்டினார். பக்கத்துக்கு இரண்டாக டிரில் மெஷினில் துளை போட்டார், பணிமனை போல்ட்டை மாட்டினார், அதிர்ந்தாலும் கழலாதபடி நட்டில் பிசின் விட்டு இறுக்கினார். ஒன்பது கவசம், முப்பத்தாறு துளை.

"என் தலையில ஓட்டை போட என் பொண்ணு ஒருத்தி போதும்னு நெனச்சேன். நீங்களும் சேந்துட்டீங்க," என்றாள் சொலோமியா. விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, எதிரே வந்தவன் கண்ணைக் கூசவைத்தாள்.

அந்த ஒரு மாதம் பனாஸ் காட்டுக்குள் நடந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. ஊர்கிறவர்களை மரத்தடியில் நின்று பார்ப்பார். வெள்ளைப் பனியில் ஒன்பது தலைகள் போகும். நானும் அங்கே இருக்கிறேன் என்று தோன்றும்.

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு உல்யானா வந்தாள். கிழக்கே சண்டை நடந்த இடத்தில் எட்டு வருடம் ஆம்புலன்ஸில் ஓடிய நர்ஸ். ரத்தத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். இடைவேளையில் டீ வாங்க வந்தவள், பெட்டிமேல் இருந்த ஒரு கவசத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் துளை யார் போட்டது?"

"நான்தாம்மா," என்றார் பனாஸ். அவர் குரலில் பெருமை இருந்ததை அவரே பிறகு நினைத்து நினைத்துக் கூசினார்.

அவள் பெட்டிமேல் கிடந்த அவருடைய ஸ்பானரை எடுத்து ஒரு போல்ட்டைப் பாடுபட்டுக் கழற்றினாள். கத்தரிக்கோல் நுனியைத் துளையின் ஓரத்தில் விட்டு லேசாக நெம்பினாள். ஓடு, பரோட்டா அடுக்கு மாதிரி பிரிந்து வந்தது.

"மெஷின் போட்ட சூட்டுல மடிப்பு விட்டுப்போச்சு. இதுக்குள்ள பனித்தண்ணி இறங்கும், உறையும், இன்னும் பிரியும். அதுகூடப் பரவாயில்ல." போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இது சாதா இரும்பு. தகடு மேல ஒரு சிதறல் வந்து அடிச்சா, முதல்ல தலைக்குள்ள போறது இதுதான்."

பனாஸுக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது தெரியவில்லை.

"அடைச்சிடலாமா? நல்ல பிசின் இருக்கு."

"அடைக்கலாம். துளை கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு சொல்லிடறேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்மா. நானே சொல்றேன். அடுத்த ஞாயிறு எல்லாத்தையும் வாங்கிட்டு, எப்பாடுபட்டாவது வேற ஓடு ஏற்பாடு பண்ணிடறேன். இன்னைக்கு வேண்டாம்."

இன்றைக்கு ஏன் வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கவசத்தை மட்டும் பனாஸ் தன் பையில் போட்டுக்கொண்டார். சற்றுத் தள்ளி எட்டுப் பேர் பனியைத் தட்டிக்கொண்டு எழுந்து, விளக்கைச் சரிசெய்துகொண்டு, அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. வியாழக்கிழமை விடியும்போதே குண்டு விழ ஆரம்பித்துவிட்டது.

பனாஸ் சைக்கிளை எடுத்தார். முதல் இரண்டு நாளில் நான்கு பேரைக் கண்டுபிடித்தார். ஆளுக்கு ஆள் நின்று, மூச்சு வாங்க, வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னார். கேட்டவர்கள் அவரைப் பார்த்த விதம்தான் தாங்கமுடியவில்லை, பரிதாபப்பட்டார்கள்.

"சரிண்ணே, கழட்டித் தந்துடறேன். பதிலுக்கு என்ன தருவீங்க?" என்றான் தெம்யான். அவன் பாலத்துக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பனாஸ் வெறும் கையை விரித்தார்.

"அப்ப விடுங்க. கம்பளித் தொப்பிக்கு இது தேவல. ஓட்டை இருந்தா காத்தாவது வரும்." அவன் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினான்.

இருந்த ஒரே நல்ல கவசம் பனாஸுடையது. ஊருக்கெல்லாம் செய்ததில் தனக்குச் செய்ய நேரமில்லாமல் துளை படாமல் கிடந்தது. அதைச் சொலோமியாவிடம் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தார். அவள் மகளை மேற்கே லிவிவ் நகரத்துப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டு, வடக்குச் சாலையில் சோதனைச் சாவடியில் நிற்கிறாள் என்று பணிமனையில் சொன்னார்கள். ஏழாம் நாள் அவளைக் கண்டுபிடித்தார். கான்கிரீட் கட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து ஆறிய கோதுமைக் கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கையில் நிஜத் துப்பாக்கி.

"என்னண்ணே, ஏழாம் நம்பர் வண்டி பிரேக் பிடிக்கலன்னு யாராவது புகார் குடுத்தாங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். உல்யானா அன்றைக்கே சொல்லிவிடப் பார்த்ததையும், தான் தடுத்ததையும் மறைக்கவில்லை. சொலோமியா கரண்டியை நக்கி டப்பாவில் போட்டாள்.

"சரி, உங்களதைக் குடுங்க. போட்டுப் பாப்போம்."

பனாஸின் தலை பெரியது. கவசம் அவள் கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கு வரை இறங்கியது.

"மறுபடியும் மோப்பம் பிடிக்க வேண்டியதுதான்," என்றாள் உள்ளிருந்து.

"அரை மணி நேரம் குடு. ஃபோம் வெச்சு இறுக்கித் தந்துடறேன்."

கட்டைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கத்தி, ஃபோம், பிசின் எல்லாம் கொண்டுவந்திருந்தார். மைனஸ் பத்து டிகிரிக் குளிரில் பிசின் பிடிக்கவில்லை. துண்டை ஒட்டிக் கையால் அழுத்திவைத்து, எடுத்தால் கூடவே வந்தது. ஃபோமைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி மறுபடி ஒட்டினார். தூரத்தில் விழுந்துகொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ஒரு துண்டு நின்றது. இரண்டாவது நழுவியது.

பழைய வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போகணும்ணே."

"இரு, இரு. அந்த பழசைக் குடு. போல்ட்டையாவது கழட்டிடறேன்."

ஸ்பானரைப் போட்டார். நட்டு அசையவில்லை. கழலாதபடி பிசின் விட்டவர் அவர்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் ஒன்றைத் திருகி எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். தகடு கீழே விழுந்தது. இடப்பக்கம் போனபோது ஸ்பானர் வழுக்கி விரல் கணு கிழிந்தது. வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"குடுங்கண்ணே. நாளைக்கு வந்து புதுசை வாங்கிக்கிறேன். நல்லா ஒட்டி வைங்க."

அவர் கையிலிருந்து அவள் பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தாள். இடப்பக்கத் தகடும் போல்ட்டும் அப்படியே இருக்க, தலையில் வைத்துத் தாடைப் பட்டையை மாட்டினாள். வேன் போய்விட்டது. பனாஸ் நெஞ்சோடு ஃபோமை வைத்துக்கொண்டு சாலையில் நின்றார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் சோதனைச் சாவடியே அங்கே இல்லை. ஊரில் தண்ணீர் நின்றது, கரண்ட் நின்றது, போனில் சிக்னல் நின்றது. ஜனங்கள் முற்றத்தில் விறகு வைத்துச் சமைத்தார்கள். பனாஸ் அடுப்புக்கு அருகில் வைத்துக் கவசத்தை முடித்தார். சொலோமியாவின் தலைக்கு அளவாக, ஒரு மயிரிழை பிசகாமல். அதைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தினம் ஒரு திசையில் போனார். இரண்டு தடவை குண்டு விழுந்து திரும்பினார். அவளைத் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பதினேழாம் நாள் தெம்யான் வந்து சொன்னான், அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. "உசுரு இருக்கு. இடப்பக்கம் காதுக்கு மேல அடி."

இடப்பக்கம் என்ற வார்த்தைக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் பனாஸ் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் வார்டையெல்லாம் நிலவறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாசல்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்த டாக்டரிடம் பனாஸ் போய் நின்றார்.

"அவ தலைல இருந்து எடுத்தது என்னங்க டாக்டர்?"

"இரும்பு."

"என்ன இரும்பு? மரை போட்டிருந்துச்சா? போல்ட்டு மாதிரி..."

டாக்டர் கண்ணைத் திறந்தார். "அன்னைக்கு இருபத்தி மூணு பேரு. எடுத்து வாளில போட்டோம். யாரு எதுன்னு பாக்கல. நீங்க அவங்க அண்ணனா?"

"இல்லீங்க. கூட வேலை செய்றவன்."

"பொழச்சுட்டாங்க. இடது காது கேக்காது. போய்ப் பாருங்க."

சொலோமியாவின் தலை முழுக்கக் கட்டு. பாதி முகம் வீங்கி வேறு யாரோ போல இருந்தாள். வலக்காதுப் பக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஹெல்மெட் எங்கம்மா?"

"தெரியலண்ணே. பட்டையைக் கத்தரிச்சுதான் எடுத்தாங்களாம். சீக்கிரம் அறுபடவே இல்லயாம். யாரு தெச்சதுன்னு திட்டிருக்காங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வண்டியிலயே கெடந்துருக்கும். வண்டி பாலத்தோட போச்சு."

"அந்த போல்ட்டாதான் இருக்குமா?"

"எனக்கெப்படித் தெரியும்? இருக்கலாம். போல்ட்டு இல்லாட்டி அந்த ஓட்டை வழியா சிதறல் பூந்து செத்தும் போயிருக்கலாம். ஓடே இல்லாட்டி..." களைத்துக் கண்ணை மூடினாள். "யாரையும் கேட்டுத் திரியாதீங்கண்ணே. சொல்லத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

அவர் கொண்டுபோன கவசத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தார். அந்தத் தலைக்கு அது இனி பொருந்தாது. நர்ஸ் ஒருத்தி கேட்டாள் என்று சாயங்காலம் அவளிடமே கொடுத்துவிட்டார்.

ஏப்ரலில் ஊரைச் சுற்றியிருந்த முற்றுகை விலகியது. மே மாதம் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை நூறு பேர். பனாஸ் வீட்டு வாசலில் கவசத்தோடு வரிசை நின்றது. ஃபோம் வைத்துத் தந்தார், பட்டை தைத்துத் தந்தார். விளக்குக்கு ரப்பர் பட்டை வைத்து மாட்டுகிற மாதிரி ஒன்று செய்தார். துளை மட்டும் போட முடியாது என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உல்யானா நெம்பிய அந்தப் பழைய கவசத்தின் அடுக்கைப் பிரித்துக் காட்டினார். தலையாட்டிக் கேட்டார்கள்.

"ரப்பர் நழுவுதேண்ணே. சின்னதா ரெண்டே ரெண்டு," என்றான் ஒருவன்.

"முடியாதுப்பா."

வாங்கிக்கொண்டு போனார்கள். நேராகப் போனது தெம்யானின் டயர் கடைக்கு என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பனாஸ் போய் வாசலில் நின்றார். தெம்யான் முழங்காலுக்கு நடுவில் ஒரு கவசத்தை இடுக்கிக்கொண்டு, டிரில் மெஷினில் மரத்துக்குப் போடுகிற மழுங்கிய பிட்டை மாட்டி, முழு வேகத்தில் அழுத்திக்கொண்டிருந்தான். துளையிலிருந்து புகை வந்தது. எரிந்த பிசின் நாற்றம். பக்கத்தில் இன்னும் ஆறு காத்திருந்தன.

"நிறுத்துடா."

"நான் நிறுத்தினா அவனுங்க வீட்டுல ஆணியைச் சுட்டுக் குத்துவானுங்கண்ணே. நேத்து ஒருத்தன் அப்படித்தான் கொண்டுவந்தான்." தெம்யான் சுவரோரம் கைகாட்டினான். அது உண்மைதான், அங்கே கிடந்தது.

பனாஸ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் யாரோ தங்களுடையது ஆகிவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அந்த பிட்டைத் தூக்கி எறி," என்றார். "புதுசு வாங்கி வா. இரும்பு போல்ட்டைத் தொடக் கூடாது. ஓரத்துக்குப் பிசின் தடவணும், மெதுவா, சூடு ஏறாம..."

தெம்யான் மெஷினை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். மழுங்கிய பிட்டைக் கழற்றிக் கீழே போட்டார். முதல் கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.