கேட்டதுக்கு மட்டும்

நான் எழுதிக்கொண்டு போன கடதாசியில் மேல்வீட்டு மூட்லி முதலில் வெட்டியது 'தாழ்மையுடன்' என்ற சொல்லை. பிறகு கனம் அமைச்சரின் மேலான கருணையைப் பற்றி டிக்‌ஷனரி பார்த்து நான் இங்கிலீஷில் கோத்திருந்த முழு வரியும் போனது. அண்ணை சங்கக்கடை மனேச்சர், பிள்ளையார் கோயில் தனாதிகாரி, ஒருத்தற்றை சோலிக்கும் போகாதவர், ஆமி, இயக்கம் என்று ஒரு பகுதியோடும் தொடர்பில்லாதவர், இதற்குச் சமாதான நீதவான் தந்த நற்சான்றிதழின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்புப் பேனை போய்வந்தது. கடைசியில் மிஞ்சினது அண்ணையின் பெயரும் இடமும் திகதியும்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலையால் வந்து, சமைத்துப்போட்டு, நாரி நோக நோக இருந்து எழுதினது. எங்கட சனம் ஒரு பெரிய மனிசரிடம் ஒன்று கேட்பதென்றால் இப்படித்தானே கேட்கும்? ஆள் நல்லவர், அப்பாவி, தெரிந்தவர்கள் கையெழுத்து வைத்திருக்கினம், பார்த்து இரங்குங்கோ என்று.

"உது கேள்வி இல்லை. உது கும்பிடு," என்றார் மூட்லி. அவர் பேசினது முழுக்க இங்கிலீஷ். என்ரை வாய்க்கு வந்த தமிழில்தான் அதை இங்கே சொல்லுகிறேன்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுடைய அப்பாட்மென்ருக்கு மேல் மாடியில் மூட்லியின் வீடு. நானும் என்ரை மச்சாள் யோகமலரும் அவருடைய சாப்பாட்டு மேசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தோம். மச்சாள் என்றால் அண்ணையின் மனுசி. அண்ணை அருள்நாயகத்தைப் போன ஆடியில் ஊரில் ஒரு ஆமிச் சோதனைச் சாவடியில் சைக்கிளால் இறக்கினார்கள். இறக்கினதைக் கண்ட சனம் இருக்கிறது, அதற்குப் பிறகு கண்ட சனம் இல்லை. சைக்கிள் கொஞ்ச நாள் சாவடி வேலியோடு சாத்திக் கிடந்ததாம். பிறகு அதுவும் இல்லை. மச்சாள் பிள்ளைகளோடு அதற்கு முந்தின வருசமே இங்கே வந்துவிட்டா. காணி அலுவலை முடித்துக்கொண்டு பின்னால் வாறன் என்று நின்ற மனிசன்தான் அண்ணை.

கொழும்பில் எங்களுடைய சொந்தக்காரர் ஒருவர் அலைந்து திரிந்து எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்திருந்தார். அவர் அமைச்சரிடம் ஒரேயொரு கேள்வி கேட்பாராம். கேள்வியை நாங்களே எழுதி, அங்கே திங்கள் விடிவதற்கிடையில் பக்ஸ் பண்ண வேண்டுமாம். இந்த முறை தவறினால் இன்னொரு முறை வரும் என்று யார் கண்டது? அதுதான் எனக்கு மூட்லியின் நினைவு வந்தது. டேர்பனில் பிறந்த மனிசன். பாட்டனை முதலி என்று கப்பலில் ஏற்றி, இறக்கும்போது மூட்லி என்று எழுதிவிட்டார்களாம். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு தேவாரமும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டிக்கொண்டு நிற்பார். கீழே லோண்ட்ரி அறையில் உடுப்புக் காயும் மட்டும் பேச்சுக் கொடுப்பார். தான் பார்லிமென்ரில் மந்திரிமாருக்குப் பதில் எழுதிக் கொடுத்த ஆள் என்று எத்தனையோ தரம் புளுகியிருக்கிறார். நானும் ஓ, ஓ என்று தலையாட்டியிருக்கிறேன். எந்தப் பார்லிமென்ர், எந்த மந்திரி, என்ன பதில் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உடுப்பு மடிக்கிற நேரத்தில் யார் உதெல்லாம் கேட்பது?

அன்றைக்குத்தான் விளங்கப்படுத்தினார். வெள்ளைக்காரருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. அந்த நாட்டிலே எல்லாரிலும் கூடின கறுப்புச் சனத்துக்கு ஒன்றுமில்லை. இந்தியருடைய சபைக்கு இந்திய மந்திரிமார், இந்தியப் பள்ளிக்கூடம், இந்திய வீட்டுத்திட்டம். எதிர்த் தரப்பு கேள்வி அனுப்பும். அது இவருடைய மேசைக்கு வரும். இவர் பதில் எழுதுவார், மந்திரி எழும்பி வாசிப்பார். இதைச் சொல்லும்போது மனிசனுடைய முதுகு நிமிர்ந்தது. தன்ரை காலத்தில் ஒரு பொய்கூட அந்தச் சபைக்குள் போகவில்லையாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வேலையாம்.

அப்படிப்பட்ட சபைக்கு வேலை செய்த ஆளோ இவர் என்று எனக்குப் பட்டது. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. மச்சாள் மேசைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பகலில் அவ ஈ.எஸ்.எல். இங்கிலீஷ் வகுப்புக்குப் போறவதான், என்றாலும் இந்தப் பேச்செல்லாம் விளங்காது என்று நினைத்து நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணை எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று நான் எழுதியிருந்ததைப் பேனையால் தட்டிக் காட்டினார். இப்படிக் கேட்டால் அந்தப் பெயரில் ஒருவரும் எங்களிடம் இல்லை என்று அமைச்சர் ஒரு வரியில் சொல்லிவிட்டு இருந்துவிடுவார், அது உண்மையாகவும் இருக்கக்கூடும் என்றார். அண்ணையை மட்டும் கேட்கக் கூடாதாம். அந்த மாதம் அந்தச் சாவடியில் இறக்கின எல்லாரையும் சேர்த்துக் கேட்க வேண்டுமாம். அதிலே எத்தனை பேரை விட்டது, எத்தனை பேரை வேறு இடத்துக்கு மாற்றியது, எத்தனை பேர் செத்தது, செத்த ஆட்களை எங்கே தாட்டது. இறக்கின ஒவ்வொருத்தரும் இதில் ஒன்றுக்குள் வந்தே தீர வேண்டும். அருள்நாயகம் இதில் எதற்குள் வருகிறார் என்பது கடைசி வரி.

நான் விட்டதையும் மாற்றினதையும் மச்சாளுக்குச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை. மச்சாளின் நெற்றியில் அன்றைக்குக் குளித்துவிட்டு வைத்த குங்குமம் கோடு கலையாமல் இருந்தது. அண்ணை போன நாளிலிருந்து அவ அதைக் கொஞ்சம் பெரிசாகத்தான் வைக்கிறவ. நான் தண்ணிக் கிளாசை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

பிறகு மூட்லியிடம் இங்கிலீஷில் சொன்னேன், மூன்றாவதை எடுத்துவிடுங்கோ, முதல் இரண்டும் காணும் என்று. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அதை எடுத்தால் அமைச்சர் போறதுக்கு நீங்களே கதவைத் திறந்து விடுறியள். நான் அந்தக் கதவால எத்தினையோ தரம் வெளியால வந்திருக்கிறன்."

உங்களுக்கெப்படி இவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றிக் கடதாசிக்கு மேலே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். எண்பத்தாறாம் ஆண்டு, அவசரகாலச் சட்டம் நடந்த நேரம். இந்தியப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிச்ச வாத்தியார் ஒருத்தரைப் பொலிஸ் கொண்டு போய்விட்டது. மனுசி எதிர்த் தரப்பு உறுப்பினரைப் பிடித்து ஒரு கேள்வி அனுப்பினா. இன்ன ஆசிரியர் தடுப்புக் காவலில் இருப்பதாக இலாகாவுக்குத் தெரியுமா என்பது கேள்வி. கேள்வி மேசைக்கு வந்த அன்று காலமைதான் பொலிசிலிருந்து இவருக்கு ஒரு ரெலிபோன். அந்த வாத்தியாரின் சம்பளத்தை நிப்பாட்டு, இனி அந்தாளுக்குத் தேவைப்படாது என்றார்களாம். சொன்னவன் சிரித்தானாம். இவருக்கு விளங்கிவிட்டது.

"தடுப்பில இருக்கிறாரோ எண்டு கேட்டிருந்தினம். அண்டைக்கு அவர் ஒரு தடுப்பிலயும் இல்லை. இல்லை எண்டு எழுதினன். ஆள் செத்துப்போச்சோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் இதை மச்சாளுக்குச் சொல்லவில்லை. அந்த நாட்டிலே யாரோ ஒரு வாத்தியாராம், சும்மா பழங்கதை என்று மட்டும் சொன்னேன். மச்சாள் என்னைப் பார்க்கவேயில்லை. மூட்லியைப் பார்த்து, வகுப்பில் படித்த இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டா.

"அந்த வாத்தியாற்றை மனுசி? அவவுக்கு என்ன நடந்தது?"

மூட்லி திகைத்துத்தான் போனார். பிறகு மெதுவாக, மச்சாளுக்கு விளங்கும்படி சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். மந்திரியின் பதில் பேப்பரில் வந்தது. தடுப்பில் இல்லையென்றால் ஆள் எல்லை தாண்டி ஓடிவிட்டார் என்று அந்த மனுசி நம்பிவிட்டா. பிறகு ஒரு கேள்வியும் அனுப்பவில்லை. சில வருசத்தால் அவவுக்குப் புது வீட்டுத்திட்டத்தில் பெரிய வீடு கிடைத்தது. அந்தக் கடதாசியும் இவருடைய கந்தோருக்குத்தான் வந்தது. மனுசி வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தா. புது விலாசம் அவருக்குத் தெரியாது, வந்தால் தேடி அலைவார் என்று காரணம் எழுதியிருந்தா.

நானும் என்ரை மனுசனும் தூர, ரூஜ் பக்கம் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். பங்குனியில் திறப்புக் கைக்கு வரும், குடிபோகலாம். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் கீழே தனியாக அறைகள் இருக்கு, வாங்கோ, வாங்கோ என்று கெஞ்சிக் களைத்துவிட்டேன். மச்சாள் அசையவில்லை. அண்ணையிடம் இருக்கிறது இந்த அப்பாட்மென்ர் ரெலிபோன் நம்பர்தான், அடித்தால் யார் எடுப்பது என்று கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விடுவா.

நான் எழும்பிவிட்டேன். கடதாசியை அவருடைய கண்ணாடியோடு சேர்த்து இழுத்தேன். கண்ணாடி விழுந்தது. தெரிந்துகொண்டே அந்தப் பொம்பிளையை வருசக்கணக்காகக் காக்க வைத்த மனிசன், டை கட்டிக்கொண்டு இருந்து தான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கப்படுத்துகிறார். ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாம். பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருக்கலாம். பயந்தாங்கொள்ளி. இதையெல்லாம் இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் கத்தி முடித்தேன். அவர் குனிந்து கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஓம், எடுத்திருக்கலாம் என்றார்.

"மச்சாள், எழும்புங்கோ. உந்தாளின்ரை கையால எங்கட அண்ணையின்ரை பேர் எழுதப்படக் கூடாது."

மச்சாள் எழும்பவில்லை. என்ரை கையிலிருந்த கடதாசியை வாங்கி மேசையில் வைத்து, கசங்கினதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டா.

"ரதி, இரும். நீர் சொல்லாமல் விட்டது எல்லாம் எனக்கு விளங்கினது."

"மச்சாள், உதைக் கேட்டால் நாங்களே அவரைச் சாக்காட்டின மாதிரி."

"கேக்காட்டி நானும் அந்த மனுசி மாதிரித்தான் இருப்பன். மூண்டாவதையும் எழுதச் சொல்லும். இவரின்ரை பேரை மட்டும் நான் எழுதுறன்."

மூட்லி எழுதினார். சிவப்புப் பேனையை வைத்துவிட்டுக் கறுப்புப் பேனையால், தாழ்மையும் கருணையும் இல்லாமல், அரைப் பக்கத்துக்குள் முடித்தார். கடைசி வரியில் இடம் விட்டு மச்சாளுக்கு நகர்த்தினார். அவ பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினா. நான் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ரை அண்ணை. சின்னனில் என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போன மனிசன். தாட்ட இடம் எது என்று கேட்கிற கடதாசியில் அவருடைய பெயர் ஏறிக்கொண்டிருந்தது.

வாசலில் மூட்லி, பதில் வந்தால் தனக்கும் காட்டுவீர்களா என்று கேட்டார். நான் லிப்ருக்கு நடந்தேன். மச்சாள்தான் ஓம் என்றா.

பக்ஸ் மெசின் இருக்கிறது கீழே பார்லிமென்ர் வீதியில், இரத்தினவேல் அண்ணையின் பலசரக்குக் கடையில். பனி கொட்டிக்கொண்டிருந்தது, நடைபாதை உறைந்து வழுக்கியது. மச்சாள் கடதாசியைக் கோட்டுக்குள் வைத்து ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் என்ரை முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. இரத்தினவேல் அண்ணை நம்பரை அமத்தினார். லைன் கிடைக்கவில்லை. திரும்ப அமத்தினார், என்கேஜ். கொழும்பு லைன் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பிடித்தான் பிள்ளையள், எல்லாச் சனமும் ஒரே நேரத்தில் அடிக்குது என்றார். கடதாசி மெசினுக்குள் கொஞ்சம் போவதும் நிற்பதுமாக இருந்தது. போகாதே, போகாதே என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். என்னைப் போலப் பொல்லாதவள் இல்லை, ஆனால் அப்படித்தான் மன்றாடினேன். நேரமாச்சுது, அங்கை விடியப் போகுது, பேசாமல் விடுவமோ மச்சாள் என்றும் கேட்டேன்.

"திரும்ப அடியுங்கோ அண்ணை," என்றா மச்சாள்.

மெசின் கீச்சிட்டுக் கடதாசியை இழுக்கத் தொடங்கியது. தலைகீழாகப் போனதால் மச்சாள் எழுதின வரிதான் முதலில் உள்ளே போனது. பிறகு மற்றதெல்லாம் போய், அந்தப் பக்கத்தால் வெளியே வந்து தட்டில் விழுந்தது. போயிட்டுது என்று சொல்லி இரத்தினவேல் அண்ணை மெசின் தந்த கடதாசித் துண்டைக் கிழித்து நீட்டினார். வாசிக்காத மாதிரித்தான் நின்றார், ஆனால் முகம் மாறியிருந்தது. வேறென்ன பிள்ளை, கத்தரிக்காய் புதுசா வந்திருக்கு என்றார்.

மச்சாள் ஊதுபத்தி அடுக்கியிருந்த தட்டைக் காட்டினா.

"குங்குமம் ஒண்டு தாங்கோ."

சின்னதோ பெரிசோ என்று கேட்டார்.

"பெரிசாத் தாங்கோ."

பக்கெற்றை வாங்கி அந்த இடத்திலேயே பல்லால் பிய்த்தா. மீன் வைத்த குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடியில் கிடந்த புகாரைக் கோட்டுக் கையால் துடைத்து, குனிந்து அதிலே முகம் பார்த்து, பனியில் நனைந்து வழிந்திருந்த பொட்டை அழித்துவிட்டுப் புதுசாக வைத்தா. கண்ணாடி திரும்பப் புகார் கட்டியது. அவ திரும்பவும் துடைத்தா.