ஐந்தாவது பாலிகை

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்தது. மறைத்துப் பயனில்லை. சற்று முன்புதான் புனேயில் என் மகள் லக்ஷணாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப்போனார்கள். எட்டாம் மாதம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறதாம். "முடிஞ்சதும் கூப்பிடறேன் மாமா" என்று மாப்பிள்ளை தேஜஸ் ஃபோனை வைத்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பிள்ளையார்பாளையத்தில் பிரவீனா என்றொரு தாய் இருந்தாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த அன்று அவள்—'

அடித்துவிட்டேன். பிரவீனா யாரென்றே எனக்குத் தெரியாது. அவள் அழுதால் எனக்கு ஒன்றும் ஆகாது. பயந்தவன் ஊரான் வீட்டில் ஒளிவதுபோல அந்தப் பெயருக்குள் ஒளியப் பார்த்தேன். அந்தத் தாய் என் மனைவி சூடாமணி. வீடு சின்னக் காஞ்சிபுரம்.

3

தை மாதம் கல்யாணம். பாலிகை தெளித்தோம்.* சடங்கு முடிந்ததும் முளைகளைக் குளத்தில் கரைத்துவிட வேண்டும். ஐந்து கிண்ணங்களில் நான்கைத்தான் சூடாமணி கரைத்தாள். ஐந்தாவதைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துவந்து கிணற்றடியில் நட்டுவிட்டாள்.

(* பாலில் ஊறவைத்த நவதானியத்தை மண் நிரப்பிய கிண்ணங்களில் சுமங்கலிகள் விதைப்பது. வளர்ப்பது ஏன், உடனே கரைப்பது ஏன் என்று வாத்தியாரைக் கேட்டதில்லை. பெண்ணை அனுப்புவதற்கு ஒத்திகை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி.)

மற்றதெல்லாம் வெயிலில் காய்ந்தது. மொச்சை மட்டும் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் மதிலேறி, லக்ஷணாவின் அறை ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டது. இப்போது ஜன்னலைச் சாத்த முடியவில்லை. (கற்பனையாக இருந்தால் இவ்வளவு அப்பட்டமாக எழுத வெட்கப்பட்டிருப்பேன்.)

4

தேஜஸ் ஃபோனை வைத்ததும் சூடாமணி கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"என்னாலதான்னா. கரைக்க வேண்டியதைக் கரைக்காம வெச்சுண்டேன்."

"அசடு மாதிரிப் பேசாதே. டாக்டர் பார்த்துப்பா."

"பிடுங்கி இப்பவே குளத்துல விட்டுடறேன்."

குனிந்து கொடியின் அடியைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"வேர் ஓடிடுத்துன்னா. முளையா இருந்தப்போ விட்டிருந்தா, அது கரைக்கறது. இப்போ பண்ணினா பிடுங்கறதுன்னா ஆயிடும்? காய் வேற வெச்சிருக்கு. உள்ளே விதை இருக்கே."

கொடியை விடாமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிடுங்கட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கோ. கதையெல்லாம் எழுதறேளே!"

நான் கோழை மாதிரி உள்ளே வந்து, இந்தக் காகிதத்தின்முன் உட்கார்ந்துகொண்டேன்.

5

முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்.

அவள் பிடுங்கிவிடுகிறாள், தாயும் சேயும் நலம் என்று ஃபோன் வருகிறது. நல்ல முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒரு செடியைக் கண்டால்கூட அவள் நடுங்குவாள்.

அவள் பிடுங்கவில்லை, ஃபோனில் தேஜஸ் அழுகிறார். "மாமா, லக்ஷ—"

மாட்டேன். இந்த வாக்கியத்தை என் கை எழுதாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. தலைநிமிர்ந்தபோது என் அறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சூடாமணி வேரைத் தொடவில்லை. கம்பியைச் சுற்றியிருந்த கொடியை மட்டும், இலை கிழியாமல், ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெருமாள் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றும் பிரிந்ததும் கொடியை மதில் பக்கம் சாய்த்துவிட்டாள். வேர் மண்ணில் இருந்தது. லக்ஷணாவின் ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். சாத்த முடிந்தது.

6

ஃபோன் அடிக்கிறது. மேஜைமேல், பேனாவுக்குப் பக்கத்திலேயே.

"எடுங்கோன்னா!"

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை புனேயில் ஒன்றும் நடந்திருக்காது. இன்னும் ஒரு வரி. இன்னும் ஒரே ஒரு—

சூடாமணி வாசற்படியில் நிற்கிறாள். மண் படிந்த கைகள் காலியாக இருக்கின்றன. என் கையில்தான் பேனா இருக்கிறது. அவள் ஒரு கிண்ணத்தை ஒளித்துவைத்தாள். நான் இந்தக் கதையை வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறேன்.

என்ன செய்தி என்று உங்களுக்கு எழுத மாட்டேன். இந்தக் கதையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்காவது தண்ணீர் பார்த்துக் கரைத்துவிடுங்கள். வேர் விடும்வரை வைத்திருக்காதீர்கள்.

பேனாவைக் கீழே வைக்கிறேன். ஃபோனை எடுக்க எனக்கு அந்தக் கை வேண்டும்.