ஊருக்குக் கேட்காத பொட்டி

“பொண்ண வேணும்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. பொட்டிய மட்டும் கேக்காதீங்க!”

“என்னய்யா பேச்சு இது? நான் என்ன களவெடுக்கவா வந்தேன்? கட்டிலு, பீரோன்னு மத்தவன் கேக்குறத நான் கேக்கல. சும்மா நிக்கிற பொட்டியத்தானே கேட்டேன்!”

“சும்மா நிக்கலங்க அது.”

“பின்ன, நடக்குதா?”

பெண் பார்க்க வந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம். பக்கத்து என் வீட்டுக் காம்பராவிலிருந்து ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் உள்ளேயே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த நான்கு நாற்காலிகளில் மூன்று என்னுடையவை. நாற்காலி போகிற இடத்துக்கு நாற்காலிக்காரியும் போகலாம் என்பது எங்கள் தோட்டத்து லய வரிசையில் எழுதாத சட்டம்.

கத்தியவர் அழகுமுத்து, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசின்களைப் பார்க்கிற ஃபிட்டர். எதிரே இருந்தவர் பட்டிப்பொல வீரய்யா, திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவர். அவர் மகன் நிரோஷன்தான் மாப்பிள்ளை. அழகுமுத்துவின் பெண் நிலக்ஷி, பாலர் பாடசாலை டீச்சர். வயது இருபத்தொன்பது முடிந்து மூன்று மாதம். இதற்கு முன்னால் நான்கு வரன் வந்து போயின. ஒன்று ஜாதகத்தில் போனது, ஒன்று கட்டாருக்குப் போனது, மற்ற இரண்டும் எங்கே போயின என்று சொல்லிக்கொள்ளாமலே போயின. இது ஐந்தாவது. இதுவும் போனால் அவள் அம்மா ஜெயந்தினி இறம்பொடையில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக எச்சரித்திருந்தாள். பையையும் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பையை நானே கண்ணால் பார்த்தேன்.

பொட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வரன் பார்க்கத் தொடங்கியபோது, வருகிறவர்கள் உட்கார ஒரு சோபா செட் வாங்கி வரச் சொல்லித்தான் ஜெயந்தினி புருசனை ஹட்டன் டவுனுக்கு அனுப்பினாள். பழைய சாமான் கடை மஃறூப் நானாவிடம் நல்ல சோபா இருந்தது. இவர் அதில் உட்கார்ந்துதான் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்மூலையில் அந்த இரண்டு ஸ்பீக்கர் பொட்டிகளும் தெரிந்தன. நுவரெலியாவில் வெளிநாடு போய்விட்ட ஒரு துரையின் பங்களா காலியானபோது வந்தவை. நெஞ்சளவு உயரம், வால்நட் மரத் தோல், பின்னால் இங்கிலாந்தில் செய்ததென்று ஒரு பித்தளைத் தகடு. மஃறூப் நானா அவற்றின் மேல் பூச்சட்டி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை மஃறூப் நானாவே எனக்குச் சொன்னார். இந்த மனிதர் முதலில் பூச்சட்டிகளை இறக்கிக் கீழே வைத்தாராம். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, போன் லைட்டை அடித்து உள்ளே பார்த்தாராம். சத்தம் எழுப்புகிற பெரிய கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் ரஸ்க் மாதிரி உதிர்ந்திருந்தது. மூன்று விரலை அகல வைத்து, காய்ச்சல்காரன் வயிற்றை அமுக்குகிற டொக்டர் மாதிரி, கூம்பை மெதுவாக அமுக்கிக் காதை வைத்துக் கேட்டாராம், உள்ளே எங்காவது உரசுகிறதா என்று. சட்டைப் பையிலிருந்து ஒரு டோர்ச் பற்றரியை எடுத்துப் பின்னால் தொட்டாராம். கூம்பு ‘டொக்’ என்றது.

“என்ன அழகுமுத்து, வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்றாராம் மஃறூப் நானா.

“வளையம் போயிருச்சு. சோத்துக்கைப் பக்கப் பொட்டில மேல உள்ள சின்னக் கூம்பு ஊமை. உசுரு இருக்கு நானா.”

ரோலர் ஓடுகிறபோது நீளமான ஸ்குரூடிரைவரை மெசினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, இந்த பெயாரிங் இன்னும் ரெண்டு வாரம் தாங்கும் என்று சொல்கிற ஆள் இவர். சொன்னால் ரெண்டு வாரம்தான். அந்தக் காதுக்கு முன்னால் மஃறூப் நானா என்ன பேச முடியும்? சோபாவுக்கென்று கொண்டுபோன காசை வாங்கிக்கொண்டு பொட்டிகளைக் கொடுத்துவிட்டார். திரீவீலரில் ஒவ்வொன்றாக இரண்டு நடை. பொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் வந்த வரவைப் பார்க்க வேண்டும்; அவர் கல்யாண ஊர்வலத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைக்குக்கூட மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

கொழும்பிலிருந்து பார்சலில் புது வளையம் வந்தது. தேயிலைச் சாயம் ஏறிய அந்தத் தடித்த விரல்களால், ரேசர் பிளேடும் ஒரு மெல்லிய தூரிகையுமாக, பழைய பிசினைச் சுரண்டி, புது வளையத்தை ஒட்டி, கூம்பு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒரு மாதம். ஊமையாக இருந்ததற்கு உள்ளே ஒரு வயர்தான் விட்டுப்போயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்து அலுத்துப்போனதால் எனக்கு எல்லாம் தெரியும். கேலி செய்யத்தான் போய் நின்றேன். அந்தக் கை வேலையைப் பார்த்ததும் கேலியை மறந்து வேடிக்கை பார்த்தேன்.

ஆனால் வைத்த இடம்தான் வம்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க மாட்டாராம், சத்தம் கலங்குமாம். சுவரிலிருந்து ரெண்டரை அடி தள்ளி நடுவீட்டில் நிறுத்தி, சிமெண்டுத் தரையில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு வைத்தார். கேட்கிறவர் உட்காரும் நாற்காலியின் நான்கு காலுக்கும் தனியாக நான்கு சோக்குப் புள்ளி. வீட்டுக்காரி சோறு வடிக்க அடுப்படிக்குப் போவதென்றால் பொட்டியைச் சுற்றித்தான் போக வேண்டும். போனைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டுப் போட்டாலும் மெதுவாகத்தான் போடுவார். எங்கள் லயத்தில் சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டுச் சண்டை, கொறட்டை, சத்தியம் எல்லாம் எனக்கு வரும். அந்தப் பாட்டு மட்டும் வந்ததில்லை. இதை நான் அவர்மேல் குறையாகவே வைத்திருந்தேன்.

இப்போது வீரய்யாவின் கண் அந்தப் பொட்டியில் விழுந்துவிட்டது. பெண்ணோடு அனுப்பத்தான் வாங்கி நடுவீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். சவுண்ட் செட்காரர் வேறு எப்படி நினைப்பார்?

“எங்க பொட்டி கோயில்ல பாடுனா ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறவனுக்குக் கேக்கும்,” என்றார். “இது எம்புட்டுத் தூரம் கேக்கும்?”

“இந்த நாற்காலி வரைக்கும்,” என்றார் அழகுமுத்து.

வீரய்யா சிரித்துவிட்டார். “அப்ப இத வச்சு என்னத்துக்கு?”

“ஒங்க ஆம்பில மாட்டுனா ஒரே திருவிழால செத்துருமுங்க. அதான் தர மாட்டேன்.”

அடுப்படிப் பக்கம் ஜெயந்தினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். “ஜீவாக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்றாள் என்னிடம். வீரய்யா எழுந்து செருப்பைத் தேடினார். ஐந்தாவதும் போகப்போகிறது என்று நானும் மனதுக்குள் கணக்கை முடித்தேன்.

அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு நின்ற நிலக்ஷி வாயைத் திறந்தாள். “அப்பா, ஒருக்கா போட்டுக் காட்டுங்க. கேட்டுட்டுப் போகட்டும்.”

பெண் பார்க்கிற அன்று பெண் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அழகுமுத்து என்னுடைய நாற்காலி ஒன்றை எடுத்து சோக்குப் புள்ளிகளில் நிறுத்தி, வீரய்யாவை உட்காரவைத்தார். போனைத் தட்டினார். ஒரு நாதஸ்வரம். எனக்கு ஏதோ தூரத்துக் கோயில் மாதிரிதான் இருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்த மனிதர் திடீரென்று இடதுபக்கம் திரும்பி வெறும் சுவரைப் பார்த்தார்.

“தவிலு அங்கிட்டு இருக்கு,” என்றார்.

“ஆமாங்க.”

“ஊதுறவன் மூச்சு வாங்குறான்யா. ஊதுறதுக்கு முந்தி.”

“ஆமாங்க.”

முப்பது வருசமாகக் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முடியும்வரை கேட்டார். பிறகு, “சத்தம் பத்தாது,” என்று எழுந்துகொண்டார். கால் பெருவிரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன், அதைச் சொல்லவில்லை.

அடுத்தது நிரோஷன். அந்தப் பையன் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். பாட்டு முடிந்ததும், எல்லோரும் கல்யாணத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று பார்க்க, அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மாமா, எடதுபக்கப் பொட்டி லேசா முன்னுக்கு இருக்குங்களா?”

அழகுமுத்து குனிந்து பார்த்தார். சோக்குக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை. காலையில் தரை துடைக்கும்போது ஜெயந்தினி இடுப்பால் தள்ளிவிட்டிருக்கிறாள். அவர் பொட்டியைப் பின்னுக்கு நகர்த்தினார். மறுபடியும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“ஜெயந்தினி, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்து.”

“அப்ப பொட்டி?” என்றார் வீரய்யா, விடாமல்.

“அது நம்ம தொழிலுக்கு ஆகாதுப்பா. ஒரு ஆளு கேக்குற பொட்டி,” என்றான் மகன். நிலக்ஷி தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

ஆவணியில் கல்யாணம். வீரய்யாவின் பொட்டிகள் பாடிய பாட்டில் எங்கள் கூரைத் தகரம் கழன்றுவிடும் போலிருந்தது. பெண்ணின் தகப்பன் காதில் பஞ்சோடு பந்தி பரிமாறினார். ஜெயந்தினி கட்டி வைத்திருந்த பை நிலக்ஷியின் துணிகளோடு பட்டிப்பொலவுக்குப் போனது. மஃறூப் நானா அந்த சோபாவை யாருக்கோ விற்றுவிட்டு, இப்போது பழைய பொட்டி எது வந்தாலும் முதலில் அழகுமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

என் நாற்காலிகளில் இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. அதில் உட்கார்ந்தால்தான் காது சரியான உயரத்தில் இருக்கிறதாம். அதைத் திருப்பிக் கேட்கத்தான் போன வாரம் சாயந்தரம் போனேன். கதவு திறந்திருந்தது. நாதஸ்வரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அழகுமுத்துவும் ஜெயந்தினியும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். போன் பேச்சுக்குள் பாட்டு சரியாகப் போகாது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர், ஜெயந்தினியின் போனை என் நாற்காலியில் வைத்திருந்தார். அடியில் இரண்டு தலையணை, காது இருக்கிற உயரத்துக்கு. திரையில் நிலக்ஷியின் பெயர் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியின் நான்கு காலும் சோக்குப் புள்ளிமேல் நின்றன.