திரையில் இல்லாத கை

கப்பலூர் ரப்பர் கம்பெனியில் அம்மா பிரஸ் ஓட்டுகிறாள். மேல்தட்டு இறங்கி ரப்பரை அழுத்தும் இயந்திரம் அது. இடையில் மாட்டினால் கை போச்சு. அதனால்தான் கல்லூரி ஆராய்ச்சிக்கு நானும் உடன் படிக்கும் சாய்பிரசாத்தும் அதையே பிடித்துக்கொண்டோம். கேமராவில் கை தெரிந்தால் பிரஸ் தானாக நிற்க வேண்டும்.

தொழிலாளர்களின் கைகளைப் படமெடுத்தோம். பாதிப் படங்களைக் காட்டி ஏ.ஐ.க்குக் கற்றுக்கொடுத்தோம். மீதியைக் காட்டிச் சோதித்தோம். நூற்றுக்கு நூறு! அன்றிலிருந்து என் கால் தரையில் படவில்லை.

கம்பெனியில் ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. சாய்பிரசாத் கையை நீட்டினான். பிரஸ் டக்கென்று நின்றது. முதலாளி கைதட்டினார்.

"இனி எதுக்குப்பா அந்த ரெண்டு பட்டன்? கழட்டுங்க. ஒச்சாயி, நீ வேலையப் பாரு" என்றார் அம்மாவைப் பார்த்து.

இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும் என்பது பழைய ஏற்பாடு. அதைக் கழற்றிவிட்டுக் கால்மிதியில் இணைத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா ரப்பரை வைத்து மிதித்தாள். துண்டு கொஞ்சம் விலகியிருந்தது போல, கையை உள்ளே விட்டு நகர்த்தினாள். மேல்தட்டு நிற்கவில்லை. திரையைப் பார்த்தேன். 'கை இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

அம்மாவின் கை அங்கேதான் இருந்தது.

கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை. சாய்பிரசாத் பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தான். அம்மா கையை உருவினாள். ஒரு நகம் பெயர்ந்திருந்தது.

"ஒண்ணுமில்லடி மீனா. நகந்தான்."

அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் ரப்பரில் கலக்கும் கரித்தூள். கையும் ரப்பரும் ஒரே கறுப்பு. எங்கள் படங்களில் இப்படி ஒரு கைகூடக் கிடையாது.

"போட்டோ எடுக்கையில எல்லார் கையும் அம்புட்டு சுத்தமா இருந்துச்சேம்மா?"

"போட்டோன்னா கழுவாமயா வருவாக? சோப்புப் போட்டுத் தேச்சுட்டுல்ல வந்தோம். தங்கப்பொண்ணு புது வளையல்கூடப் போட்டுட்டு வந்தா."

சாய்பிரசாத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கழுவிய கைகளைக் காட்டிக் கற்றுக்கொடுத்து, கழுவிய கைகளையே காட்டிச் சோதித்து, நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறோம். என்ன பெரிய ஆராய்ச்சி! என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

முதலாளி திரையையும் எங்களையும் மாறி மாறி முறைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் பயமே வந்தது. ரத்தம் கசிந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு எம்மேலதான் மொதலாளி. கையக் கழுவிட்டு வந்திருக்கணும். பிள்ளைகளைக் குறை சொல்லிராதீக."